திரும்ப அழைத்துச் செல்லவும்

என் நாத்தனாரின் முகூர்த்தப் புடவையைத் தேர்ந்தெடுத்தது என் மகள். அப்போது அவளுக்கு எட்டு மாதம்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில், வெள்ளை விரிப்பின் மேல் இரண்டு வீட்டாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் புடவைகளை ஒவ்வொன்றாக உதறிப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஜரிகையைப் பார்த்துச் சிரித்த என் மகள், பிறகு அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தேன், தோளில் போட்டுத் தட்டினேன், கண்ணாடி முன்னால் நிறுத்தி வேடிக்கை காட்டினேன், தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். அழுகை நிற்கவில்லை. கடைசியில் என் மாமியார், எதிரே கிடந்த கத்தரிப்பூ நிறப் புடவையைத் தொட்டு, "இதையே பில் போடுப்பா, குழந்தை முகம் வாடிப்போச்சு" என்று எழுந்துவிட்டார். நாத்தனாருக்குக் கத்தரிப்பூ நிறம் பிடிக்காது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்தப் புடவைக்கு 'குழந்தை எடுத்த புடவை' என்றுதான் பெயர்.

நான் அதற்குப் பிறகு பல நாள் யோசித்தேன். கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு முறை பால் கொடுத்திருக்கலாமோ. வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாமோ. யாரிடம் விடுவது? வீட்டில் இருந்த எல்லோரும் புடவை எடுக்கத்தான் வந்திருந்தார்கள். ஆனால் அன்று அந்தப் படிக்கட்டில் குழந்தையோடு ஏறி இறங்கியது நான் மட்டும் இல்லை. எனக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் இரண்டு பேர். திண்டிவனத்திலிருந்து வந்த ஒருத்தி, தோளில் தூங்காத பிள்ளையைத் தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "என் தம்பிக்குத்தான் கல்யாணம். காலையிலேர்ந்து ஒரு புடவையைக்கூட நான் கண்ணால பாக்கலைங்க. படியைத்தான் பாத்துக்கினு இருக்கிறேன்."

அவள் சொன்னதும் நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம். குழந்தைகள் பயந்து இன்னும் சத்தமாக அழுதன.

என் மகளுக்கு ஒரு வயது முடிந்தபோது, நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். கணக்குப் பிரிவில் அதே மேசை காலியாக இருக்கிறது, ஆவணி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். கம்பெனி பஸ் செவிலிமேட்டில் எங்கள் தெருமுனைக்கு விடியற்காலையில் வரும். திரும்பிக் கொண்டுவந்து விடும்போது குழந்தை தூங்கியிருக்கும். என் கணவர் இருசக்கர வாகன ஷோரூமில் வேலை செய்கிறார், பகலில் வீட்டில் யாரும் இல்லை. மாமியார் நாத்தனாரோடு வேலூருக்குப் போய்விட்டார். நான் வேலைக்குப் போனால் மகள் வந்தவாசியில் என் அம்மாவிடம் வளர வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கலாம்.

வீட்டுக்கு என் சம்பளமும் வேண்டியிருந்தது. அதில் சந்தேகம் இல்லை. கணவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "நீயே முடிவு பண்ணுமா" என்றார். என்னைப் போன்ற ஒருத்தியிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. இட்லிக்கு ஊறவைத்த உளுந்து போதுமா என்பதையே நான் மூன்று முறை திறந்து பார்க்கிறவள்.

அந்த நாட்களில்தான் எங்கள் மகளிர் குழுவிலிருந்து தொழில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்பும் பெண்களுக்கான வகுப்பு. டவுனிலிருந்தும் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தும் வந்திருந்தோம். பெரும்பாலானவர்கள் தையல், ஊறுகாய், ஆடு வளர்ப்பு என்று ஏற்கெனவே முடிவோடு வந்திருந்தார்கள். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பெடுத்த அம்மா என் முறை வந்தபோது, "என்ன செய்யப் போறீங்கன்னு கேக்கல. இந்த ஊர்ல ஜனங்க எதுக்குச் சங்கடப்படுறாங்க, அதைச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வந்தது. சொன்னேன். முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு நாள் முழுக்க ஆகிறது, வேன் வேனாக வருகிறார்கள், அவர்களோடு வரும் கைக்குழந்தைகள் படாத பாடு படுகின்றன, கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு அறை இருந்தால், இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் என்று இழுத்தேன். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. பிள்ளையை வைத்துக்கொள்ளக் காசு கேட்பாயா என்றாள் ஒருத்தி. முன் வரிசையிலிருந்து ஒரு அக்கா திரும்பிப் பார்த்து, எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். சாப்பாட்டு நேரத்தில் அவரே தூக்குவாளியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஊரு மாகறல்மா. ஸ்கூல் வேன்ல புள்ளைங்கள ஏத்தி இறக்குற வேலை பண்ணினு இருந்தேன். வேனை நிறுத்திட்டாங்க. உன் கடைக்கு ஆள் வேணுமா?"

எனக்குக் கடையே இல்லை என்றேன். அதற்கென்ன, முதலில் ஆள் வரட்டும், பிறகு கடை வரும் என்றார். அதே சாப்பாட்டு வேளையில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த இன்னொரு அக்காவும் சேர்ந்துகொண்டார். வீட்டில் தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பம். சித்தூர், நெல்லூரிலிருந்து வருகிற கூட்டத்துக்குத் தமிழ் தெரியாது, அழுகிற பிள்ளையிடம் தமிழில் பேசினால் இன்னும் அழும், நான் இருக்கிறேன் என்றார். அவரைத் தெலுங்கு அக்கா என்றும் முதலில் வந்தவரை மாகறல் அக்கா என்றும் கூப்பிடத் தொடங்கினேன்.

அன்று மாலை வகுப்பெடுத்த அம்மாவிடம் என் பயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். படியில் விழுந்தால்? பொத்தானை விழுங்கினால்? தவறான ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனால்? அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இவ்வளவு பயப்படுகிற ஆளிடம்தான் நான் என் பிள்ளையை விடுவேன் என்றார். என் பயத்துக்கு ஒரு விலை உண்டு என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இடமும் அவர்தான் காட்டினார். பட்டுக்கடைகளுக்குப் பின் சந்தில் ஒரு பாத்திரக்கடை. அதன் மாடியில் ஒரு நீள அறை, பழைய அட்டைப்பெட்டிகளோடு கிடந்தது. கடைக்காரர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர், அதனால் மாலையில் அவரிடம் நீளமாகப் பேச முடியாது. அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆவணி கடைசி முகூர்த்தம் வரை வாடகை வேண்டாம், அதற்குப் பிறகு கூரியர்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், உங்களுக்கு ஓடினால் நீங்கள், ஓடாவிட்டால் அவர் என்றார். எனக்கும் அதே ஆவணிதான் கெடு. கம்பெனிக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இந்த அறையும் ஒரே மாதத்தில் வந்து நின்றன.

ஆடிக் கடைசியில் அறையைக் கழுவினோம். படியின் மேலும் கீழும் மரக்கதவு போட்டோம், கேட்ட தச்சர் சிரித்தாலும் இரண்டுமே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். உத்தரத்துக் கொக்கிகளில் தூளி கட்டினோம். தரை முழுக்கப் பாய். தவறான ஆள் குழந்தையைத் தூக்கிப்போவதைத் தடுக்கத் தெலுங்கு அக்கா ஒரு வழி சொன்னார். அவர் வீட்டில் தறி ஓடுகிறது, புடவை இறக்கியபின் பட்டு நூல் மிஞ்சும். ஒரே நிற நூலில் இரண்டு கயிறு முறுக்கி, ஒன்றைக் குழந்தையின் கையிலும் இன்னொன்றை அம்மாவின் கையிலும் கட்டிவிடுவது. இரண்டும் ஒத்துப்போனால்தான் பிள்ளை வெளியே போகும்.

பெயர்ப்பலகை என் பொறுப்பு. படித்தவள் நீதானே என்று இரண்டு பேரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் இரண்டு நாள் எழுதி எழுதி அடித்தேன். நல்ல தமிழில், மரியாதையாக, தாய்மார்களின் மனதைத் தொடும்படி இருக்க வேண்டும். கடைசியில் அச்சடித்து மாட்டிய ஃப்ளெக்ஸில் இப்படி இருந்தது: 'குழந்தைகள் காப்பகம். தாய்மார்களே, உங்கள் குழந்தையை எங்கள் தொட்டிலில் நம்பிக்கையோடு விட்டுச் செல்லுங்கள்.' பக்கத்தில் ஒரு காலித் தொட்டிலின் படம்.

ஒரு வாரம் யாரும் வரவில்லை. ஆடி மாதம், அப்படித்தான் இருக்கும் என்றோம். ஆவணி பிறந்தது. காந்தி ரோட்டில் நடக்க இடமில்லை. எங்கள் சந்தின் முனைவரை வேன்கள் நின்றன. ஜனங்கள் பலகையை நின்று படித்தார்கள், மாடியை நிமிர்ந்து பார்த்தார்கள், முகம் மாறி நகர்ந்தார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டதுகூட எனக்குத் தெரிந்தது. ஆனால் நம் ஊர் மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நான் வியந்துகொண்டிருந்தேன். காரணம், காலையில் கதவைத் திறந்தால் படியில் ஏதாவது இருக்கும். பிஸ்கட் பாக்கெட், பழைய கவுன்கள் துவைத்து மடித்த பை, ஒரு முறை பால் பவுடர் டப்பா. புதுக் கடைக்கு இப்படியா ஆதரவு தருவார்கள் என்று கணவரிடம் சொன்னேன். அவர் யோசனையோடு தலையை ஆட்டினார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஒரு கணவன் மனைவி படியேறி வந்தார்கள். செய்யாறு பக்கம். நாற்பதைத் தொட்ட வயது இருக்கும். கையில் குழந்தை இல்லை. அந்த அம்மா கசங்காத புடவையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் கணவர்தான் பேசினார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"எங்களுக்குப் பொண்ணா இருந்தாலும் சரி, பையனா இருந்தாலும் சரிங்க. எங்க பதியணும்னு சொன்னீங்கன்னா..."

எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாவின் கண், மூலையில் தூளிக்குள் தூங்கிக்கொண்டிருந்த என் மகளின் மேல் போனது. எழுந்து மெதுவாக அருகில் போனார்.

"இந்தக் குழந்தையா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெற்றவர்கள் வளர்க்க முடியாத குழந்தையை யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டுவிட்டுப் போவதற்காக, நம் மாநிலத்தில் ஆஸ்பத்திரி வாசல்களில் தொட்டில் வைத்திருப்பார்கள். அது தெரியாத ஆள் கிடையாது. காப்பகம், தொட்டில், விட்டுச் செல்லுங்கள் என்ற மூன்று வார்த்தைகளையும் தேடிப் பொறுக்கி ஒரே பலகையில் நான் எழுதி மாட்டியிருந்தேன். மூன்று வாரமாக ஊரே எங்களை அநாதைக் குழந்தைகள் இல்லம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. படியில் இருந்த கவுன்கள் தானம்.

நான் பாய்ந்து போய்த் தூளியின் முன்னால் நின்றேன். "அவ எங்க வீட்டுக் குழந்தைங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது. மாகறல் அக்கா வந்து அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பலகையில் எழுதியது தப்பாகிவிட்டது, இது புடவை எடுக்க வருகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் என்று விளக்கி, தத்தெடுப்பதற்குக் கலெக்டர் அலுவலக வளாகத்தில் தனியாக அலுவலகம் இருக்கிறது என்று வழியும் சொன்னார். அவர்கள் எங்களைவிட அதிகமாக மன்னிப்புக் கேட்டார்கள். கிளம்பும்போது அந்த அம்மா தயங்கி நின்று, தூளியை ஒரு முறை ஆட்டலாமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. இருந்தாலும் நகர்ந்து வழி விட்டேன். அவர் மிக மெதுவாக ஆட்டினார், என் மகள் தூக்கத்திலேயே உதட்டைச் சப்புக் கொட்டினாள். அவர் சிரித்துவிட்டு, கணவரோடு படியிறங்கினார். கலெக்டர் அலுவலகத்துக்கு எந்த பஸ் என்று அவர்கள் கீழே பாத்திரக்கடையில் கேட்பது மாடிவரை கேட்டது.

அவர்கள் தெரு திரும்பும்வரை நாங்கள் மூவரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். பிறகு மாகறல் அக்கா பாயில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏம்மா, நல்லவேளை யாரும் நெசமா ஒண்ணை விட்டுட்டுப் போகல" என்றார். தெலுங்கு அக்கா கூடவே, "பால் பவுடர் வேற வந்துச்சே, நாம அதுல காப்பி போட்டுக் குடிச்சிட்டோமே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தேன். பிறகு சிரித்தேன். மிச்சமிருந்த கவுன்களையும் பிஸ்கட்டையும் மறுநாளே உண்மையான இல்லம் ஒன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பால் பவுடருக்குப் பதில் புதுசாக இரண்டு வாங்கிச் சேர்த்தோம்.

அன்றே ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டேன். இன்னொரு ஃப்ளெக்ஸ் அடிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. ஒரு தகரத் தட்டியில் பெயின்ட்டால் நானே எழுதுவது என்று தீர்மானம். ஆனால் எந்த வார்த்தையை எடுத்தாலும் எனக்குப் பயமாக இருந்தது. 'ஒப்படையுங்கள்' என்றால் மறுபடியும் அதே அர்த்தம். 'விடுங்கள்' கூடாது. 'பார்த்துக்கொள்வோம்' என்று மட்டும் எழுதினால், எவ்வளவு காலத்துக்கு என்று ஒருவர் நினைக்க மாட்டாரா? யாருக்கும் துளி சந்தேகம் வரக்கூடாது. ஷோரூம் விட்டு வந்த கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் கடைசி எழுத்துவரை எழுதி முடித்துக் கீழே இறங்கினேன்.

'புடவை எடுக்கும் வரை உங்கள் குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். புடவை எடுத்ததும் குழந்தையைக் கட்டாயம் திரும்ப அழைத்துச் செல்லவும்.'

கணவர் படித்தார். ஸ்டூலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கட்டாயமா?" என்றார். "கூட்டிக்கினு போகலைன்னா என்ன பண்ணுவே, ஃபைன் போடுவியா?"

அழிக்கத் துணி தேடினேன். அது எனாமல் பெயின்ட், துடைக்கத் துடைக்கப் பூசிக்கொண்டதே தவிர அழியவில்லை. காலையில் வேறு நிறம் வாங்கிவந்து முழுக்க மூடிவிடலாம் என்று வீட்டுக்குப் போனோம். அந்த இரவு முழுக்க அந்தக் 'கட்டாயம்' என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் விட்டிருக்கலாம். அல்லது 'தயவுசெய்து' போட்டிருக்கலாம்.

காலையில் பெயின்ட் டப்பாவோடு வந்தபோது, பலகையின் முன்னால் நின்று கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரக்கடைக்காரர் வாசலில் நின்று, "காலையிலேர்ந்து இதான் வேலை. படிக்கிறான், சிரிக்கிறான், ஃபோட்டோ எடுக்கிறான். நீ மூடினேன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்மா" என்றார். அவர் கடைக்குள்ளும் அந்தச் சிரிப்போடு நான்கு பேர் நுழைந்து டம்ளர் வாங்கியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

முதல் குழந்தை அன்று பதினோரு மணிக்கு வந்தது. சித்தூரிலிருந்து வந்த குடும்பம். அவர்களின் டிரைவர் தமிழ்க்காரர், பலகையைப் படித்துத் தெலுங்கில் சொல்லியிருக்கிறார், வேன் முழுக்கச் சிரித்திருக்கிறது. தாத்தா ஒருவர் இரண்டு வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, மறந்துபோய் ஊருக்குப் போய்விட்டால் எத்தனை நாள் வைத்துக்கொள்வீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். தெலுங்கு அக்கா சளைக்காமல், கல்யாணம் செய்துவைக்கிறவரை வைத்துக்கொள்வோம், பெண்ணும் இங்கேயே பார்த்துவிடுவோம் என்று பதில் சொன்னார். "ரா நானா, ரா" என்று அவர் கை நீட்டியதும் பையன் தாவிக்கொண்டு வந்தான். அம்மா கையிலும் பிள்ளை கையிலும் மாம்பழ நிறக் கயிறு கட்டினோம். மாகறல் அக்கா கேழ்வரகுப் புட்டு ஊட்டினார். வேனில் பிள்ளைகளைச் சமாளித்த ஒரு வித்தையும் அவரிடம் இருந்தது: பஸ் ஓட்டுவது. சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பி, மாகறல் ஸ்டாப், செவிலிமேடு ஸ்டாப் என்று கூவுவார். அந்தப் பையன் மூன்று மணி நேரம் கண்டக்டராக இருந்தான். அம்மா திரும்பி வந்தபோது, பஸ் இன்னும் போய்ச் சேரவில்லை என்று இறங்க மறுத்துவிட்டான். அவள் தோளில் ஒரு புதுப் புடவைப் பை. முகத்தில் எனக்குப் பரிச்சயமான ஒரு களைப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. தனக்கென்று ஒரு புடவையை உட்கார்ந்து நிதானமாகப் பார்த்து எடுத்திருக்கிறாள் என்று அந்த முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. மணிக்கு இவ்வளவு என்று நாங்கள் கேட்ட காசை எல்லோரும் பேரம் பேசாமல் கொடுத்தார்கள். பலகையின் படம் யார் யார் போனிலோ போய்ச் சேர்ந்தது. 'திரும்ப அழைத்துச் செல்லவும் கடை எங்கே?' என்று கேட்டுக்கொண்டு வேலூர்க்காரர்கள் வந்தார்கள். பட்டுக்கடை ஊழியர்களே, குழந்தை சிணுங்க ஆரம்பித்ததும் எங்கள் சந்தைக் கை காட்டினார்கள். பிள்ளை அழாவிட்டால் வீட்டார் நிதானமாக உட்கார்ந்து இன்னும் இரண்டு புடவை பார்ப்பார்கள் என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கயிறுதான் தினமும் கலகம். புடவை எடுக்க வந்தவர்களுக்கு நிறத்தில் கண் தேர்ந்துவிடுகிறது. ஒரு அம்மா, பிள்ளையின் பச்சை கவுனுக்கு இந்த ஊதா எடுபடவில்லை, மயில் கழுத்து நிறம் இருந்தால் கொடுங்கள் என்று மாற்றி வாங்கிக்கொண்டார். இன்னொரு நாள், மனைவி அனுப்பியதாக ஒருவர் வந்தார். கயிற்றை வாங்கிவர மறந்துவிட்டார். சிவப்புக் கயிறு கட்டிய பிள்ளை என்னுடையது என்றார். தெலுங்கு அக்கா கதவைத் திறக்கவில்லை.

"சிவப்பு யாருக்கும் கட்டலைங்களே."

"அதோ உக்காந்துக்கினு இருக்கானே, அவன் கையில இருக்குது பாருங்க."

"அது அரக்குங்க. காஞ்சிபுரத்துல நின்னுக்கினு அதைப் போய் சிவப்புன்றீங்களே. போயி உங்க வீட்டம்மாவை வரச் சொல்லுங்க."

பையன் "அப்பா, அப்பா" என்று கூவிக்கொண்டிருந்தான். எனக்கே பாவமாக இருந்தது, கொடுத்துவிடலாமே அக்கா என்றேன். பெற்றவன் முகம் யாருக்கு வேண்டும், கயிறு எங்கே என்று அவர் அசையவில்லை. கடைசியில் மனைவியே வந்து கயிற்றைக் காட்டி, பிள்ளையை வாங்கிக்கொண்டு, அரக்குக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத மனிதரை வைத்துக்கொண்டுதான் நான் காலையிலிருந்து புடவை எடுத்தேன் என்று எங்களிடம் முறையிட்டார். அந்த மனிதர் படியில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கூட்டம் கூடியதும் கைகள் போதவில்லை. மாகறல் அக்கா தன் தெருவிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிவந்தார். காலை டவுன் பஸ்ஸில் மூவரும் கேழ்வரகுப் புட்டுப் பாத்திரத்தோடு வந்து இறங்குவார்கள். புட்டின் வாசனை பிடித்து அம்மாக்களும் கேட்க ஆரம்பித்தார்கள், அதற்குத் தனியாக ஒரு பாத்திரம் வந்தது. சுருக்குப்பை தைக்கிற ஒருத்தி கயிறோடு சேர்த்துக் கொடுக்க ஏதாவது தைத்துத் தரட்டுமா என்று கேட்டுப் போனாள். வகுப்பெடுத்த அம்மா அடுத்த பயிற்சிக் குழுவை எங்கள் அறைக்கே அழைத்து வந்து காட்டினார். அவர்களில் ஒருத்தி, நாங்கள் கோயில் வாசல் பக்கம் இதே மாதிரி தொடங்கலாமா என்று கேட்டாள். எனக்குள் சட்டென்று ஒரு கவலை எழுந்தது, நம் குழந்தைகள் அங்கே போய்விடுமோ என்று. அடுத்த நிமிஷமே அந்த நினைப்பைக் கண்டு எனக்கே சிரிப்பு வந்தது. படிக்கு இரண்டு கதவு போடுங்கள், ஒன்று போதாது என்று சொல்லிக் கொடுத்தேன்.

இருந்தாலும் கெடு நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. ஆவணி ஓடிவிடும், புரட்டாசியில் யார் கல்யாணம் செய்வார்கள்? அறை காலியாகக் கிடந்தால்? மேசை போய்விட்டால் மறுபடி கிடைக்குமா? கணவரிடம் கேட்டேன். "நீயே முடிவு பண்ணு" என்று வாய் திறந்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "எனக்கு நீ அங்க இருக்கிறது பிடிச்சிருக்குது. பாப்பாவும் இங்கயே இருக்கணும். இது என் ஓட்டு" என்றார். அதை அவர் ஆடியிலேயே சொல்லியிருக்கலாம் என்று சண்டை போட்டேன். சந்தோஷமான சண்டை.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள், பொழுது சாய்வதற்கு முன்னால் பாத்திரக்கடைக்காரர் மாடியேறி வந்தார். அந்த நேரத்தில் அவர் சாப்பாட்டை விட்டு வந்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம். அறை கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கடையிலிருந்து வந்த நசுங்கிய டம்ளர்களை வைத்துப் பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் காதைப் பொத்திக்கொண்டு, என்னிடம் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"கூரியர்காரனுக்கு வேற இடம் பார்த்துக் குடுத்துட்டேன். இந்தச் சத்தம் நின்னுபோச்சுன்னா கீழ எவன்மா வந்து டம்ளர் வாங்குவான்?"

புரட்டாசி வருகிறதே அண்ணா என்றேன். வாடகை பேசாமல், பயத்தைப் பேசுகிறாயே என்று திட்டினார். ஐப்பசிக் கல்யாணத்துக்குப் புடவை புரட்டாசியில்தானே எடுப்பார்கள், தீபாவளிக் கூட்டம் எங்கே போகும், இதெல்லாம் தெரியாமலா மாடியை உங்களுக்குக் கொடுத்தேன் என்று கேட்டுவிட்டு, வாடகையை எல்லோருக்கும் கேட்கும்படி ஒரே வார்த்தையில் சொன்னார். எங்களால் தர முடிகிற வாடகைதான். சாப்பாடு ஆறுகிறது என்று இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று நான் ஒத்திகை பார்த்திருந்தேன். வாய்ப்புக்கு நன்றி, குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று தொடங்கும் மூன்று வாக்கியங்கள். அறைக்குள் காது கேட்காது என்று படிக்கட்டுக்குப் போய், மேல் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தேன். அந்த அலுவலர் என் குரலைக் கேட்டதும் சந்தோஷமாக, "திங்கட்கிழமை வந்துடுறீங்கல்ல மேடம்?" என்றார்.

என் மூன்று வாக்கியங்களும் காணாமல் போய்விட்டன.

"இல்லைங்க சார். குழந்தைங்க இருக்குது. அதுங்கள விட்டுட்டு வர முடியாது."

"குழந்தைங்களா? ஒண்ணுன்னு தானே போட்டிருந்தீங்க. இப்ப எத்தனை மேடம்?"

நான் கதவின் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். மாகறல் அக்காவின் பஸ் செவிலிமேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. என் மகள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று யாருடைய முடியையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணு சார்" என்றேன்.

கீழ்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன்.

"கொஞ்சம் இருங்க சார், இன்னொண்ணு படி ஏறிக்கினு இருக்குது."